ஆயிரம் கஜத்தில் சுட்டால் அது வேட்டையா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டைக்காரர்களுக்குள்ளேயே பல ஆண்டுகளாக ஒரு சச்சரவு ஓயாமல் நடந்துவருகிறது. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, 800 அல்லது 1,000 கஜத்துக்கு அப்பால் எதிர்ச்சரிவில் மேயும் எல்க் மானை ஒரே தோட்டாவில் சாய்ப்பது வேட்டைதானா, இல்லை குறிபார்த்துச் சுடும் பயிற்சியை உயிருள்ள இலக்கின்மீது நடத்துவதா என்பதுதான் அது. வேட்டையே கூடாது என்பவர்கள் இதில் ஒரு தரப்பு அல்ல. இரு பக்கமும் நிற்பவர்கள் உரிமம் வாங்கிச் சட்டப்படி வேட்டையாடுகிறவர்கள்; சுட்ட இறைச்சியை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறவர்கள்.

தூரத்தை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. 400 கஜம் வரை வேட்டை, அதற்கு மேல் வேறொன்று என்று கோடு கிழித்தால் அந்தக் கோடு நிற்காது. வயோமிங்கின் திறந்த புல்வெளியில் பிராங்ஹார்னை 250 கஜத்தில் சுடுவது சாதாரணம். அடர்ந்த காட்டுக்குள் வெள்ளைவால் மானை 80 கஜத்தில் சுடுவதே தொலைவான சூடு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. சுடுகிறவர் இருக்கும் இடம் அந்த விலங்கின் மூக்குக்கும் காதுக்கும் கண்ணுக்கும் எட்டுகிற எல்லைக்குள் இருக்கிறதா? இருந்தால், விலங்கு அவரைக் கண்டுபிடித்து ஓடிவிடக்கூடும். அவர் வெறுங்கையோடு திரும்பக்கூடும். அந்த எல்லைக்கு வெளியே வேண்டுமென்றே போய் அமர்ந்துகொண்டால், விலங்கு தனக்கென வைத்திருக்கும் தற்காப்பு எல்லாம் பயனற்றுப் போகிறது. அதன் பிறகு நடப்பது துப்பாக்கிக்கும் காற்றுக்கும் இடையிலான கணக்கு.

1874

நெடுந்தூரச் சூட்டின் வரலாற்றில் 1874ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அந்த ஆண்டு ஜூன் மாதம் டெக்சஸ் மாநிலத்தின் வடபகுதியில் அடோப் வால்ஸ் என்ற வணிக முகாமைக் கொமான்சே, கயோவா, ஷையென் பூர்வகுடி வீரர்கள் முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் பைசன் என்ற காட்டெருமைகளின் தோலுக்காக வந்த துப்பாக்கிக்காரர்கள். அவர்களில் ஒருவரான பில்லி டிக்சன், தொலைவில் மேட்டின்மேல் நின்ற குதிரைவீரர்களில் ஒருவரை ஷார்ப்ஸ் ரைஃபிளால் சுட்டு வீழ்த்தினார். பின்னர் அளந்தபோது தூரம் 1,538 கஜம் என்று பதிவானது. டிக்சன் அதைத் தன் திறமை என்று கொண்டாடவில்லை. அதிர்ஷ்டத்தில் பட்டது என்றே பிற்காலத்தில் சொன்னார்.

அதே ஆண்டு செப்டம்பரில், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள கிரீட்மோர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. 800, 900, 1,000 கஜ தூரங்களில் இலக்குப் பலகைகள் வைக்கப்பட்டன. 934க்கு 931 என்ற புள்ளிக் கணக்கில் அமெரிக்கா வென்றது. பலகையைச் சுடும் நெடுந்தூரக் கலை அன்றிலிருந்து அந்த நாட்டில் மதிப்புள்ள விளையாட்டாக வளர்ந்தது. இன்று நெடுந்தூரச் சூட்டாளர்கள் பெரிதும் விரும்பும் 6.5 கிரீட்மோர் தோட்டா, 2007இல் வெளிவந்தபோது அந்தத் திடலின் பெயரையே தாங்கி வந்தது.

அதே ஆண்டுகளில் சமவெளி எங்கும் மூன்றாவதாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. இன்றைய சச்சரவுக்கு அதுதான் நெருக்கமானது. தோல் வியாபாரத்துக்காகச் சுட்டவர்கள், காற்று தங்கள் பக்கம் வீசும்படி, மந்தையிலிருந்து 200, 300 கஜம் தள்ளி அமர்ந்தார்கள். மந்தையை வழிநடத்தும் பசுவை முதலில் சுட்டார்கள். வாடை வரவில்லை, ஆளும் தெரியவில்லை என்பதால், ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று மற்ற பைசன்களுக்குப் பிடிபடவில்லை. அவை நின்ற இடத்திலேயே சுற்றிச்சுற்றி நின்றன. துப்பாக்கிக்காரர் இடம் மாறாமலே டஜன் கணக்கில் சாய்த்தார். கோடிக்கணக்கில் இருந்த பைசன்கள் 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கின. தூரம் மட்டுமே அந்த அழிவுக்குக் காரணம் அல்ல. ரயில் பாதை, தோல் சந்தை, பூர்வகுடிகளின் உணவை ஒழிக்க நினைத்த அரசியல் எல்லாம் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனால் விலங்கின் புலன்களுக்கு எட்டாத இடத்தில் அமர்ந்து சுடுவது எப்படிப்பட்ட வேலை என்பதை அமெரிக்கா அப்போதுதான் கண்ணால் பார்த்தது. அந்தத் தோல்காரர்களை வேட்டைக்கலையின் முன்னோடிகளாக யாரும் நினைவுகூர்வதில்லை.

அடுத்த நூறு ஆண்டுகளில் துப்பாக்கி மேம்பட்டது. ஆனால் நடைமுறைத் தூரம் பெரிதாகக் கூடவில்லை. 1925இல் வந்த .270 வின்செஸ்டர் தோட்டா தட்டையாகப் பறந்தது. அதைப் பரவலாக்கியவர் 'அவுட்டோர் லைஃப்' இதழில் நீண்ட காலம் துப்பாக்கிப் பகுதியை எழுதிய ஜாக் ஓ'கானர். மலையாட்டு வேட்டையில் பேர்போன அவருடைய காலத்தில் 300 கஜம் என்பதே நெடுந்தூரம். அதற்கு மேல் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. மதிப்பீடு 50 கஜம் பிசகினாலே தோட்டா வயிற்றிலோ காலிலோ போய்ப் பாயும். தெரியாமை என்ற அந்த எல்லைதான் வேட்டைக்காரரை நெருங்கிப் போக வைத்தது.

1990களில் அந்த எல்லை உடைந்தது. கையடக்க லேசர் தூரமானி சாதாரண மனிதர் வாங்கும் விலைக்கு வந்தது. பொத்தானை அமுக்கினால் கஜக் கணக்கு எண்ணாகத் தெரிந்தது. பிறகு தோட்டாவின் பாதையைக் கணிக்கும் செயலிகள் வந்தன. தூரத்துக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும் குமிழ் வைத்த ஸ்கோப்புகள் வந்தன. காற்றை எளிதில் கிழிக்கும் நீண்ட ஒல்லித் தோட்டாக்களும் சேர்ந்துகொண்டன. போர்க்களத்தில் மறைந்திருந்து சுடுபவர்களுக்காக வளர்ந்த உத்திகள் வேட்டைக் கடைகளுக்கு இறங்கின. எல்கை ஆயிரம் கஜத்தில் சாய்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் காணொளிகளும் அவற்றுக்கு விளம்பரமாயின. 2013இல் டெக்சஸைச் சேர்ந்த டிராக்கிங்பாயிண்ட் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. இலக்கை ஒரு பொத்தானால் குறித்துவிட்டு விசையை அழுத்திப் பிடித்தால் போதும்; குறி சரியாக நேர்ப்படும் நொடியில் துப்பாக்கி தானே வெடிக்கும். அப்போதைய விலை 20,000 டாலருக்கு மேல்.

தோட்டா பறக்கும் நேரம்

கருவி எவ்வளவு துல்லியமானாலும், விசையை அழுத்துவதற்கும் தோட்டா போய்ச் சேர்வதற்கும் இடையே ஒரு நேரம் இருக்கிறது. இந்தச் சச்சரவின் மையமான உண்மை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மற்ற வாதங்களை எல்லாம் அதன் பிறகே எடைபோட வேண்டும்.

விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் புறப்படும் 6.5 கிரீட்மோர் தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். 300 கஜத்தை அது ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடியில் கடக்கிறது. 500 கஜத்துக்கு 0.65 விநாடி அளவில் ஆகிறது. 1,000 கஜத்துக்கு ஒன்றரை விநாடி. மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஒன்றரை விநாடியில் தாராளமாக ஓரடி எடுத்து வைக்கும். நடந்துகொண்டிருந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். குறிபார்த்த நெஞ்சுக்கூடு இருந்த இடத்தில் இப்போது வயிறு இருக்கிறது. மியூல் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்நிலை எட்டு முதல் பத்து அங்குல வட்டம்தான். குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மான் ஓரடி எடுத்து வைப்பதை அது தடுக்க முடியாது. பலகை நகராது, விலங்கு நகரும். கிரீட்மோர் திடலுக்கும் மலைச்சரிவுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

அடுத்தது காற்று. 100 கஜத்துக்குக் குறி சரிசெய்த அந்தத் துப்பாக்கியில், 500 கஜத்தில் தோட்டா ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இறங்கும். 1,000 கஜத்தில் இறக்கம் 25 அடியைத் தாண்டும். இறக்கம் ஒரு பிரச்சினையே அல்ல. தூரம் தெரிந்தால் செயலி அதைக் கணக்கிட்டுவிடும். காற்று அப்படி அல்ல. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 300 கஜத்தில் தோட்டாவை ஐந்து அங்குலம் அளவில் தள்ளும். 1,000 கஜத்தில் ஐந்தடிக்கு மேல். சுடுகிறவர் காற்றின் வேகத்தை மணிக்கு மூன்று கிலோமீட்டர் மட்டும் தவறாக மதிப்பிட்டாலே, அந்தத் தூரத்தில் தோட்டா ஓரடி விலகும். கையில் இருக்கும் காற்றுமானி தான் இருக்கும் இடத்துக் காற்றையே அளக்கும். நடுவில் பள்ளத்தாக்கில் ஒரு காற்று, அப்பால் முகட்டை ஒட்டி இன்னொரு காற்று. புல் அசைவதையும் கானல் நெளிவதையும் பார்த்து அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் போட்டியில் அந்த வித்தகர்கள்கூட முதல் தோட்டாவில் விலகி, இரண்டாவதில் திருத்திக்கொள்வதைப் பார்க்கலாம். விலங்கின்மேல் விலகிய முதல் தோட்டா, திருத்தக் கிடைக்காத தோட்டா.

வேகம் குறையக் குறையத் தோட்டாவின் வலுவும் குறைகிறது. 1,000 கஜத்தில் இந்தத் தோட்டாவிடம் எஞ்சும் ஆற்றல், புறப்பட்டபோது இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேட்டைத் தோட்டா உடலுக்குள் பாய்ந்ததும் முனை மலர்ந்து விரிய வேண்டும். அப்போதுதான் விலங்கு விரைவில் சாகும். அதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. அதற்குக் கீழே போனால், தோட்டா ஊசிபோல ஓட்டை போட்டுக்கொண்டு மறுபுறம் போய்விடும். பெரிய மேக்னம் தோட்டாக்கள் அந்த வேகத்தை இன்னும் தொலைவு வரை தக்கவைத்துக்கொள்ளும். அது எல்லையைத் தள்ளிப் போடுகிறதே தவிர, நீக்குவதில்லை.

சூட்டுக்குப் பிறகு நடப்பதை வேட்டைக்காரர்கள் போதுமான அளவு பேசுவதில்லை. 100 கஜத்தில் சுட்டவருக்கு விலங்கு எப்படித் துள்ளியது, எந்தப் புதருக்குள் புகுந்தது என்பது தெரியும். இரண்டு நிமிடத்தில் அந்த இடத்துக்குப் போய் இரத்தத் துளியைத் தேடலாம். 900 கஜத்துக்கு அப்பால் சுட்டவர் ஒரு பள்ளத்தாக்கை இறங்கி ஏற வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அங்கே போனதும், ஸ்கோப்பில் தனித்துத் தெரிந்த பாறை நூறு பாறைகளில் ஒன்றாகிவிடும். தவறிவிட்டது என்று நினைத்துப் போகாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. தப்பியதாக நினைத்த அந்த எல்க் குடல் கிழிந்து இரண்டு நாள் கழித்துச் சாவதை யாரும் படம் பிடிப்பதில்லை. காணொளியில் வருவது பட்ட சூடுகள் மட்டுமே. அவற்றைப் பார்த்து வளரும் இளைஞருக்கு, ஆயிரம் கஜம் எளிது என்ற எண்ணம் வருவதில் வியப்பில்லை.

மூக்குக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்

நெருங்கிப் போகும் வேட்டையில் சுடுவது கடைசி விநாடியின் வேலை. அதற்கு முந்தைய பல மணி நேரம்தான் வேட்டை.

மலைப்பகுதியில் அது பொழுது விடியும் முன்பே தொடங்கும். எதிர்ச்சரிவைத் தொலைநோக்கியால் அங்குலம் அங்குலமாகத் துழாவி விலங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு காற்று. சூரியன் ஏறும் முன் மலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும்; சரிவு சூடானதும் திசை மாறி மேலேறும். விடியலில் கீழிருந்து நெருங்குகிறவர், வெயில் ஏறியதும் மேலே சுற்றிப் போய் இறங்கி வர வேண்டும். இந்த மாற்றம் நடக்கும் அரை மணி நேரத்தில் காற்று எந்தப் பக்கமும் சுழலும். அப்போது அசையாமல் காத்திருப்பதே அனுபவசாலியின் வழக்கம். கன்னத்தில் படும் காற்று ஒருமுறை பின்னங்கழுத்தில் பட்டால் போதும், அன்றைய உழைப்பு முடிந்தது. மானின் மூக்கு மன்னிப்பதில்லை. கண்ணில் பட்ட உருவத்தை மான் சிறிது நேரம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கும். மனித வாடையை முகர்ந்துவிட்டால் நிற்காது.

சுடவேண்டிய ஒரு விலங்கின் கண்ணை மட்டும் ஏமாற்றினால் போதாது. கூட்டத்தில் உள்ள பெண் எல்க்குகள் எல்லாத் திசையும் பார்த்துக்கொண்டிருக்கும். மரத்தில் அணில் கத்தும். சருகு நொறுங்கும். கடைசி நூறு கஜத்தை முழங்கையால் ஊர்ந்து கடக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். அதில் பாதி நேரம் அசையாமல் கிடப்பது. இத்தனைக்கும் பிறகு, பெரும்பாலான முயற்சிகள் விலங்கு ஓடிப்போவதில்தான் முடியும். தோல்வி வேட்டையின் பெரும்பகுதி. தோற்றவருக்கு அன்று கிடைப்பது, அந்த விலங்கு எப்படி உணர்கிறது என்ற அறிவு.

ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களில் செம்மான் வேட்டை இந்த முறையை ஒரு தொழிலாகவே வளர்த்தது. எந்த மானைச் சுடலாம், எந்த வழியில் நெருங்கலாம் என்று முடிவு செய்பவர், அந்த மலையில் ஆண்டு முழுவதும் திரியும் பணியாளர். துப்பாக்கி பிடித்த விருந்தினர் அவர் பின்னால் ஊர்ந்து போவார். 1900இல் போயர் போருக்காக லோவட் பிரபு அந்த மலைப் பணியாளர்களையே திரட்டி 'லோவட் ஸ்கவுட்ஸ்' படையை அமைத்தார். பிரிட்டிஷ் இராணுவத்தில் மறைந்திருந்து சுடும் கலைக்கு அவர்களே முன்னோடிகள்; உடல் முழுவதும் கந்தல் தொங்கும் மறைப்பு உடை அவர்களோடுதான் படைக்கு வந்தது. மானை நெருங்கக் கற்றவர்கள் மனிதனைத் தொலைவிலிருந்து சுடப் போனார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, போர்க்களத்தின் தொலைவுச் சூடு மானிடம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் ஊர்ந்து நெருங்கும் பாதி திரும்பி வரவில்லை.

ஆப்பிரிக்காவின் கலஹாரியில் சான் மக்களின் வில்வேட்டையைப் பார்த்தால், எது வேட்டை என்பது இன்னும் தெளிவாகும். அவர்களுடைய சிறிய வில்லுக்கு விலங்கு இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். அம்பில் ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சு. அம்பு பட்ட பிறகு பல மணி நேரம், சில சமயம் அடுத்த நாள் வரை, காலடித் தடத்தைத் தொடர்ந்து நடக்க வேண்டும். மணலில் ஒரு குளம்பின் ஓரம் சரிந்திருப்பதை வைத்து, விலங்கு எவ்வளவு நேரத்துக்கு முன் போனது, எந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தது என்று படிப்பார்கள். அம்பு எய்வது அந்த வேலையில் மிகச் சிறிய பகுதி.

தமிழகத்துக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில் வரையாட்டை ஊர்ந்து நெருங்கிச் சுடுவதை ஆங்கிலேயர்கள் பெரிய சவாலாகக் கருதினார்கள். பாறை விளிம்பில் மேயும் வரையாடு ஆபத்தைக் கீழ்ப்பக்கம் எதிர்பார்க்கும். அதனால் மேலிருந்து இறங்கி வருவது அவர்கள் உத்தி. சுட்டுத் தீர்த்துவிடுவோம் என்ற அச்சத்தில் 1877இல் அவர்களே நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தார்கள். 1879இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. சுதந்திர இந்தியா 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1991 திருத்தத்தோடு உரிமம் பெற்ற வேட்டையும் முடிவுக்கு வந்தது. ஜிம் கார்பெட்டின் நூல்கள் வழியே வேட்டையை அறிந்த தமிழ் வாசகருக்கு, நெருக்கம் என்றால் என்ன என்பது தெரியும். 1930இல் சௌகர் ஆட்கொல்லிப் பெண்புலியை அவர் சுட்டபோது, இடையில் இருந்தது எட்டடி தூரம். ஆட்கொல்லியைத் துரத்துவது பொழுதுபோக்கு வேட்டை அல்ல; அதன் நியாயம் வேறு. ஆனாலும் புலி அவரைத் தேடிக்கொண்டிருந்தது, அவர் புலியைத் தேடிக்கொண்டிருந்தார் என்ற சமநிலைதான் அந்தக் கதைகளுக்கு உயிர்.

நியாய வேட்டை

பைசன்கள் ஒழிந்துகொண்டிருந்த 1887இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியடோர் ரூசவெல்ட்டும் இயற்கையியலாளர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் நியூயார்க்கில் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். வட அமெரிக்க வேட்டை ஒழுக்கத்தின் அடிப்படையாக இன்று சொல்லப்படும் 'நியாய வேட்டை' என்ற கருத்தை வளர்த்தது அந்தக் கிளப்தான். சுதந்திரமாகத் திரியும் காட்டு விலங்கை, சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உட்பட்டு, விலங்கின்மேல் முறையற்ற சாதகம் எடுத்துக்கொள்ளாமல் தேடி வேட்டையாடுவது என்பது அதன் சாரம். 1902 நவம்பரில் மிசிசிப்பியில் ரூசவெல்ட்டுக்காக ஒரு கரடியை நாய்களை விட்டு வளைத்து மரத்தில் கட்டி வைத்தார்கள். அவர் சுட மறுத்தார். அடிபட்டுத் துடித்த அந்தக் கரடியை வதை தீரக் கொன்றுவிடச் சொன்னார். டெடி பேர் என்ற பொம்மைக்குப் பெயர் தந்த நிகழ்ச்சி அது. இதில் கவனிக்க வேண்டியது, கரடிக்கும் ரூசவெல்ட்டுக்கும் நடுவே இருந்த தூரம் மிகக் குறைவு என்பது. கட்டப்பட்ட கரடியைப் பத்தடியில் சுடுவதும், எதையும் உணராத எல்கை ஆயிரம் கஜத்தில் சுடுவதும் ஒரே காரணத்தால் தவறாகின்றன. இரண்டிலும் விலங்குக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நெடுந்தூரச் சூடு பரவிய பிறகு கிளப் தன் நிலையை வெளிப்படையாகச் சொன்னது. அது கஜக் கணக்கில் எல்லை எதுவும் வகுக்கவில்லை. நோக்கத்தைப் பார்த்தது. தன் கருவி எவ்வளவு தூரம் போகும் என்று உயிருள்ள விலங்கின்மேல் சோதிப்பதுதான் நோக்கம் என்றால், விலங்கை நெருங்கி அது தன்னை உணர்ந்துவிடும் ஆபத்தை ஏற்க விருப்பமே இல்லை என்றால், அதை வேட்டையோடு ஒப்பிட்டு மதிக்கக்கூடாது என்பதே அதன் கருத்து. இது சரியான இடத்தில் கை வைத்த நிலைப்பாடு. பனிப்புயல் நெருங்குகிறது, நடுவில் கடக்க முடியாத பிளவு இருக்கிறது, 450 கஜத்தில் ஒரு மலையாடு நிற்கிறது. நெருங்க வேறு வழி இல்லாமல், தன் திறமைக்கு உட்பட்டு ஒருவர் சுட்டால் அது வேட்டையே. 300 கஜத்தில் தெளிவாகத் தெரிந்த எல்கை விட்டுவிட்டு, படம் எடுப்பதற்காக எதிர்முகட்டுக்குப் பின்வாங்கிப் போய் 900 கஜத்தில் சுடுகிறவர் செய்வது வேறு காரியம். அப்படிப் பின்வாங்கிச் சுடுபவர்கள் உண்டு என்பதே இந்தச் சச்சரவு இவ்வளவு சூடானதற்குக் காரணம்.

ஸ்பெயின் நாட்டுத் தத்துவவாதி ஓர்டேகா இ காசெட் 1942இல் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரை இதே கேள்வியை ஆழமாகத் தொட்டது. மனிதனின் ஆயுதங்கள் பெருகப் பெருக, விலங்குக்கு வாய்ப்புத் தருவதற்காக அவன் தன் வலிமையைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டான் என்றும், அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் இருப்பது அழிப்பு என்றும் அவர் வாதிட்டார். அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட், 1949இல் வெளிவந்த தன் நூலில், கடையில் வாங்கும் கருவிகள் காட்டில் கற்கும் திறமையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதைக் கண்டு வருந்தினார். அப்போது லேசர் தூரமானி இல்லை.

தூரத்துக்காரர்களின் வாதம்

நெடுந்தூரச் சூட்டை ஆதரிப்பவர்களின் வாதங்களில் வலுவானவையும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை துப்பாக்கியைப் பரணிலிருந்து எடுத்து, ஓடும் மானை 150 கஜத்தில் நாலு தோட்டா வீசிக் காயப்படுத்துகிறவரைவிட, வருடம் முழுவதும் பயிற்சி செய்து 600 கஜத்தில் நிற்கும் மானைச் சுடுகிறவர் மேலானவர் என்கிறார்கள். இதை மறுக்க முடியாது. ஆனால் இது பயிற்சி இல்லாதவர்மேல் சாற்றப்படும் குற்றச்சாட்டு, தூரத்துக்கு ஆதரவான சான்று அல்ல. அந்தப் பயிற்சியோடு 200 கஜத்துக்கு நெருங்கினால் அவர் இன்னும் மேலானவராக இருப்பார்.

ஈட்டிக்காரன் வில்லைப் பழித்திருப்பான், வில்லாளி துப்பாக்கியைப் பழித்தான், இப்போது பழைய ஸ்கோப் வைத்தவர் புதிய ஸ்கோப்பைப் பழிக்கிறார் என்பது இன்னொரு வாதம். வரலாறு அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்தப் பைசன் தோல்காரர்களை விட்டுவிட்டால், ஈட்டியிலிருந்து சாதாரண ரைஃபிள் வரை எந்த மாற்றமும் வேட்டைக்காரரை விலங்கின் புலன்களுக்கு முற்றிலும் வெளியே கொண்டுபோகவில்லை. வில்லை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இன்றைய காம்பவுண்ட் வில்லின் அம்பு விநாடிக்கு 90 மீட்டர் அளவில்தான் போகும். 60 கஜத்துக்கு அது எடுக்கும் நேரம், தோட்டா 500 கஜத்துக்கு எடுக்கும் நேரத்தை ஒட்டியது. அதனால் 60 கஜ அம்பும் ஆபத்தான சூடுதான். பொறுப்புள்ள வில்லாளிகள் அதைத் தவிர்க்கிறார்கள். ஆனாலும் அந்த மானுக்கு வில் நாண் அதிரும் ஒலி கேட்கிறது; அம்பு வந்து சேரும் முன் அது உடலைத் தாழ்த்தி விலகிவிடுகிறது. ஆயிரம் கஜத்தில் தோட்டா ஒன்றரை விநாடியில் வந்துவிடும். வெடிச்சத்தம் வர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும்.

இதையே தூரத்துக்காரர்கள் தங்கள் மிகச் சிறந்த வாதமாக வைக்கிறார்கள். பதற்றமில்லாமல் மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு, எதுவும் அறியாமலே சாகிறது. இதைவிடக் கருணையான சாவு உண்டா? தோட்டா சரியாகப் பட்டால் உண்மைதான். படாமல் போகும் வாய்ப்பு ஒவ்வொரு நூறு கஜத்துக்கும் கூடுகிறது என்பதுதான் இதற்கு விடை. வலியில்லாத சாவு ஒன்றே அளவுகோல் என்றால், அது நல்ல இறைச்சிக்கூடத்தின் அளவுகோல். பெருகிவிட்ட காட்டுப்பன்றிகளைக் குறைக்கும் டெக்சஸ் விவசாயிக்கும், தீவிலிருந்து அயல்விலங்கை அகற்றும் அரசுப் பணியாளருக்கும் அது பொருந்தும். அவர்கள் தூரத்தையோ ஹெலிகாப்டரையோ பயன்படுத்துவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் அதை வேட்டை என்று கோருவதும் இல்லை. முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் தூரம் உதவுகிறது என்ற வாதமும் உண்டு. அவர்களுக்கு மாநிலங்கள் வாகனத்திலிருந்து சுடுவது போன்ற தனிச் சலுகைகளைத் தருகின்றன. தோள் வலிமையுள்ள நாற்பது வயதுக்காரருக்கு அந்தச் சலுகையின் நியாயம் ஒட்டாது.

சட்டம் நிற்கும் இடம்

தூரத்துக்கு நேரடியாகச் சட்ட எல்லை வகுப்பது கடினம். ஆள் இல்லாத மலையில் யார் எத்தனை கஜத்தில் சுட்டார் என்று காட்டுக்காவலரால் நிரூபிக்க முடியாது. அதனால் மாநிலங்கள் கருவிகள் வழியாகக் கட்டுப்பாடு கொண்டுவருகின்றன. ஐடஹோவில் பெருவிலங்கு வேட்டைக்கு 16 பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கி கூடாது. துப்பாக்கியோடோ ஸ்கோப்போடோ மின்னணுக் கருவிகளை இணைப்பதற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. குழலின் வாய்வழியே வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கிக்கான வேட்டைக் காலத்தில் உருப்பெருக்கும் ஸ்கோப்பை யூட்டா 2024இல் தடை செய்தது. விலங்கின் நடமாட்டத்தைக் காட்டும் கேமராக்களை வேட்டைக்குப் பயன்படுத்துவதை அரிசோனா 2022இல் நிறுத்தியது.

தூரம் என்ற தர்க்கத்தை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 2005ஐ ஒட்டி, டெக்சஸில் ஒரு பண்ணையில் துப்பாக்கியைக் கேமராவோடு பொருத்தி, வீட்டில் கணினி முன் அமர்ந்தபடியே சுட்டியை அழுத்தி விலங்கைச் சுடும் சேவை தொடங்கப்பட்டது. வேட்டை எதிர்ப்பாளர்களும் வேட்டைச் சங்கங்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். டெக்சஸ் அதைத் தடை செய்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.  ஆள் காட்டில் இல்லை, விலங்கு அவரை உணர வழி இல்லை என்பதே அதில் இருந்த குறை.

வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் கற்றுத்தரும் சோதனைதான் இப்போதைக்கு நடைமுறையில் உள்ள எல்லை. மேசையில் சாய்ந்து சுடக்கூடாது. மலையில் மூச்சிரைக்க ஏறி வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோ மண்டியிட்டோ, குளிர்ந்த குழலிலிருந்து முதல் தோட்டாவை எட்டு அங்குலத் தட்டின்மேல் சுட வேண்டும். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு காற்றில், ஒவ்வொரு முறையும் அந்த முதல் தோட்டா தட்டில் பட வேண்டும். எந்தத் தூரத்தில் ஒருமுறை தவறுகிறதோ, அதற்கு முந்தைய தூரமே அவருடைய வேட்டைத் தூரம். சுடுதளத்து மேசையில் 700 கஜம் வரை தட்டை ஒலிக்கச் செய்பவர்களில் பலருக்கு, இந்தச் சோதனையில் அது 300 கஜத்தைத் தாண்டுவதில்லை.